தை மாசத்துல ஊர் பாக்காதீங்க: கோயம்புத்தூர்ல இருந்து ராம்நாட்டுக்கு வந்த ஒரு குடும்பம்

2024 தை மாசம் என் சித்தி மகன் போன் பண்ணான். அவன்கூட கோயம்புத்தூர்ல வேலை பாக்குற அண்ணன் ஒருத்தருக்கு ராமநாதபுரம் ஜில்லால, அதான் நாங்க ராம்நாடுன்னு சொல்றது, மண்டபம்ங்கற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு, மத்திய அரசு வேலை, மூணு வருஷம் இருந்தாகணும், குடும்பத்தோட வர்றதா தனியா வர்றதான்னு வீட்ல தினமும் இதே பேச்சா ஓடுது, நீ அந்த ஊர்க்காரன்தானே கூட இருந்து பாத்துக் குடுன்னான். அந்தக் குடும்பம் எதைப் பாத்து முடிவு எடுத்தாங்க, வந்து ஒரு வருஷம் தாண்டுன பிறகு எது சரியா வந்துச்சு எது வரலைன்னு அவங்க சம்மதத்தோட முழுசா எழுதுறேன். இங்கிட்டு மாத்தலாகி வர்ற எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, ஒரே மாதிரிதான் ஊரப் பாத்துட்டும் போறாங்க, அது எனக்கு ரொம்ப நாளாவே மனசுல உறுத்திக்கிட்டு இருக்கு.

வீட்ல நாலு பேர். அண்ணன். அக்கா, ஒரு மில்லுக்கு வீட்ல இருந்தே அக்கவுண்ட்ஸ் பாக்குறாங்க, காலைல பத்துல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நெட் இல்லேன்னா அவங்களுக்கு வேலையே இல்ல. நாலாவது படிக்கிற பொண்ணு. அப்புறம் அண்ணனோட அப்பா, எழுபது தாண்டுனவர், ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு. முதல் தடவை நான் போன்ல பேசினப்ப அவர்தான் வாங்கி, "ஏனுங் தம்பி, அங்க குடிக்கத் தண்ணி கெடைக்குமுங்களா"ன்னு கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் புதுசில்ல. ஆபீஸ்ல மேலதிகாரி "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்"னு மிரட்டுனா அது பெரும்பாலும் எங்க ஜில்லாவத்தான் சொல்றாங்க. 2018ல மத்திய அரசு நாடு முழுக்க பின்தங்குன மாவட்டங்களை முன்னேத்தன்னு ஒரு பட்டியல் போட்டப்ப தமிழ்நாட்டுல இருந்து விருதுநகரும் நாங்களும்தான் அதுல இருந்தோம். அதனால ஊரப் பாக்குறதுக்கு முன்னாடியே ஊரப் பத்தி ஒரு பயத்தோடதான் எல்லாரும் வர்றாங்க.

வந்தாங்க, பொங்கல் கழிஞ்ச கையோட. வந்து பாத்துட்டு அசந்துட்டாங்க. வழியெல்லாம் நெல்லு அறுப்புக்கு நிக்குது, கண்மாய்ல தண்ணி கெடக்குது, ஊருணி எல்லாம் நெறஞ்சு இருக்கு, கடல் காத்து, வெயிலும் இல்ல புழுக்கமும் இல்ல. அண்ணன் அன்னைக்கே வீடு பாத்து அட்வான்ஸ் குடுத்துரலாம்னு சொன்னார். நான் வேணாம்னேன். தை மாசத்து ராம்நாடு வேற, சித்திரை மாசத்து ராம்நாடு வேற, ஐப்பசி கார்த்திகைல அது இன்னொரு ஊர். வடகிழக்கு மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் குடுக்குற தண்ணிலதான் இந்த ஜில்லாவே ஓடுது, அது முடிஞ்ச உடனே வந்து பாத்தா குறை எதுவுமே கண்ணுக்குத் தெரியாது, சித்திரைல இன்னொரு தடவை வாங்க, அதுவரைக்கும் உங்க வாழ்க்கைய நாம பாப்போம்னு சொல்லி அனுப்பினேன்.

இதுக்கிடைல அக்கா ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு வச்சிருந்தாங்க. நல்ல மனசோடதான் போட்டிருந்தாங்க. மால், மல்டிபிளக்ஸ், நீச்சல் கிளாஸ், பெரிய ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், சாப்பாடு வீட்டுக்கு வர்ற ஆப், சிபிஎஸ்இ ஸ்கூல், இப்படி வரிசையா போட்டு மதுரை, ராமநாதபுரம், ராமேஸ்வரம் மூணுக்கும் மார்க். மதுரை ஜெயிச்சிருச்சு, ஜெயிக்கத்தான் செய்யும். அப்ப முடிவு என்னன்னா குடும்பம் மதுரைல, அண்ணன் மண்டபத்துல ரூம் எடுத்து தங்கி சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு வர்றது. மதுரைல இருந்து மண்டபம் 150 கிலோமீட்டர் சுமாருக்கு வரும், தினம் போய்ட்டு வர்ற தூரமே இல்ல. இந்த மாதிரி இங்க வேலை பாக்குற எத்தனையோ பேரை நான் பாத்திருக்கேன், திங்கக்கிழமை காலைல தூக்கக் கலக்கத்தோட பஸ்ல வந்து இறங்கி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்படா கிளம்புவோம்னு மணி பாத்துக்கிட்டு இருப்பாங்க, மூணு வருஷம் அப்படியே போயிரும், அவங்களுக்கு இந்த ஊரும் சொந்தமாகாது அந்த ஊரும் கைல இருக்காது.

அக்காகிட்ட நான் கேட்டது இதுதான். போன மாசம் கோயம்புத்தூர்ல நீங்க என்னவெல்லாம் பண்ணீங்க, எங்கெங்க போனீங்க, எந்த நேரத்துல, எத்தனை தடவைன்னு நாலு பேருக்கும் தனித்தனியா எழுதுங்க. எழுதி அனுப்பினாங்க. மாலுக்கு ஒரே தடவைதான் போயிருக்காங்க, அதுவும் மழைக்கு ஒதுங்கின மாதிரி. ஏர்போர்ட்டுக்கு போகவே இல்ல. ஆனா மெடிக்கல் ஷாப்புக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. காய்கறி கடை அனேகமா தினமும். அப்பா காலைல ஆறு மணிக்கு பார்க்குக்குப் போய் அவரோட செட்டோட ஒரு மணி நேரம். பொண்ணு வாரத்துல மூணு நாள் நீச்சல். அக்கா ராத்திரி எட்டு மணிக்கு மேல ஸ்கூட்டில தனியா போய் வர்றது வாரத்துல பாதி நாள். இப்ப அதே ஷீட்டைத் திருப்பிப் போட்டோம், தினமும் வேண்டியது மேல, வாரத்துக்கு ஒருக்க வேண்டியது அதுக்குக் கீழ, மாசத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு ஒண்ணு, அப்புறம் தனியா ஒரு வரி, நடுராத்திரில திடீர்னு வேண்டியது. இப்படிப் போட்டதுல மதுரைக்கு இருந்த மார்க் பூரா கீழ் வரிசைக்குப் போயிருச்சு. மாசத்துக்கு ஒருக்க மதுரைக்குப் போகலாம், அதுக்காக அங்கேயே குடியிருக்கணும்னு இல்லையே.

ஒரு நடுத்தர ஊரோட நகர வாழ்க்கைய அந்த ஒரு ஊருக்குள்ள மட்டும் தேடுனா கெடைக்காது, என் அனுபவத்துல இது ரொம்ப உறுதியா சொல்வேன். 2011 சென்சஸ்ல ராமநாதபுரம் நகராட்சி 61,440 பேர். ஜில்லாவோட தலைநகரம் இதுதான், ஆனா பெரிய ஊர் இது இல்ல, பரமக்குடிதான், 95,579. ராமேஸ்வரம் 44,856, கீழக்கரை 38,355. நாலையும் கூட்டினாலும் கோயம்புத்தூர்ல ஒரு மூலைக்கு ஆகாது. ஆனா நாலும் நாலு வேலை பாக்குது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், மெடிக்கல் காலேஜ் ராம்நாட்ல, துணிமணி நெசவு யாவாரம் பரமக்குடில, இஞ்சினியரிங் காலேஜும் வெளிநாட்டுக் காசும் கீழக்கரைல, கோயிலும் யாத்திரைக்காரங்களும் ராமேஸ்வரத்துல. மதுரைல இருந்து ராமேஸ்வரம் போற ரோடும், தொண்டி பக்கமிருந்து வந்து தூத்துக்குடிக்குப் போற கிழக்குக் கடற்கரை சாலையும் வெட்டிக்கிற இடத்துல ராம்நாடு உக்காந்திருக்கு. அதனால இங்க குடியிருக்கிறவன் ஒரு ஊர்ல வாழல, ஒரு ரோட்டோட நீளத்துக்கு வாழ்றான், அந்த ரோட்ல எந்த இடத்துல வீடு எடுக்கிறோங்கறதுதான் பாதி முடிவு.

எந்த இடம்னு பாத்தோம். ராமேஸ்வரத்துல இருந்து மண்டபம் பக்கம், இருபது கிலோமீட்டர்கூட இல்ல, அண்ணனுக்கு அதுதான் ஆசை. ஆனா நடுவுல பாம்பன் பாலம் இருக்கு. ரோட்டுப் பாலம் 1988ல தொறந்தது, அது வந்த பிறகுதான் தீவுக்கு வண்டியே போச்சு, இன்னைக்கும் ரோட்டுல போக அது ஒண்ணுதான் வழி. லீவு நாள்ல டூரிஸ்ட் கார் எல்லாம் பாலத்து மேலயே நிறுத்தி போட்டோ எடுப்பாங்க, ஆடி அமாவாசை தை அமாவாசைன்னா கூட்டம் சொல்ல வேணாம். ரயிலும் அப்ப இல்ல, 1914ல தொறந்த பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்திட்டாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரல்லதான் வந்துச்சு. அதைவிட பெரிய விஷயம், ராமேஸ்வரம் வந்து போறவங்களுக்காக வளந்த ஊர். லாட்ஜ் நூத்துக்கணக்குல இருக்கும், குடும்பத்துக்கு வாடகை வீடு தேடுனா அலையணும், மாடி கட்டுனவங்க ரூம் போட்டு நாள் வாடகைக்கு விடத்தான் பாப்பாங்க, அவங்களைக் குறை சொல்ல முடியாது, வருமானம் அதுல இருக்கு. மண்டபம் அமைதியான இடம், ஆபீஸ் பக்கம், ஆனா ராத்திரில அப்பாவுக்கு ஏதாவதுன்னா ராம்நாட்டுக்குத்தான் ஓடணும், 40 கிலோமீட்டர் கிட்ட. உச்சிப்புளியும் அதே கதைதான். அப்ப திருப்பிப் போடலாமே, அண்ணன் ஒருத்தர் பகல்ல 40 கிலோமீட்டர் போய் வரட்டும், மத்த மூணு பேருக்கும் தேவையானது பக்கத்துல இருக்கட்டும். ராமேஸ்வரம் பஸ் அடிக்கடி ஓடுற ரோடு அது. ராம்நாடுன்னு முடிவாச்சு, ராம்நாட்லயும் ஊரோட கிழக்குப் பக்கம், பாரதி நகர், பட்டணம்காத்தான் சுத்துப்பட்டு, அங்கிருந்து மண்டபம் ரோட்டைப் பிடிக்க டவுனுக்குள்ள நொழைய வேணாம்.

சித்திரைல வந்தாங்க, எல்லாரும். அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தேன்.

இப்ப தண்ணி. இதை நீட்டித்தான் சொல்லணும், இந்தக் கடற்கரைல எந்த ஊர்ல குடியேறினாலும் வீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி தண்ணியத்தான் பாக்கணும். நிலத்தடித் தண்ணி நெறைய இடத்துல உப்பு. குடிக்கிறதுக்கு திருச்சி பக்கத்துல காவிரில எடுத்து குழாய்லயே கொண்டு வர்ற கூட்டுக் குடிநீர் திட்டம் இருக்கு, 616 கோடி ரூபாய் போட்டுக் கட்டுனது, அது வந்த பிறகு நெலமை எவ்வளவோ மாறிருச்சு, எங்க அம்மா காலத்துல குடத்தோட நின்ன வரிசை இன்னைக்கு டவுனுக்குள்ள இல்ல. ஆனா அது தினமும் எந்நேரமும் வர்ற தண்ணி இல்ல, தெருவுக்குத் தெரு முறை இருக்கு, கோடைல முறை தள்ளிப் போகும். அதனால வீட்டுக்காரர்கிட்ட "தண்ணி வருமா"ன்னு கேக்கக் கூடாது, வரும்னுதான் சொல்வாங்க. "போன சித்திரைல எத்தனை நாளைக்கு ஒருக்க வந்துச்சு, எந்நேரத்துல வந்துச்சு, மோட்டார் போடாம சம்புல, தரைக்கடித் தொட்டில, விழுமா"ன்னு கேக்கணும், அதையே எதுத்த வீட்லயும் கேக்கணும், ரெண்டு பதிலும் ஒத்துப் போனா நம்பலாம்.

அடுத்து போர் தண்ணி, குளிக்கத் தொவைக்க. தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் வச்சும் பாக்கலாம், ஆனா எங்க ஊர்ப் பொம்பளைங்க பாக்குற முறைய அக்காவுக்குச் சொன்னேன், அவங்களும் அப்படியே பண்ணாங்க. பாத்ரூம் குழாய் நுனில வெள்ளையா பொரிஞ்சு போயிருக்கான்னு பாருங்க. வாளி அடில கோடு விழுந்திருக்கான்னு பாருங்க. சோப்பு போட்டா நுரை வருதா, கைல கொழகொழன்னு நிக்குதா. ஒரு பாட்டில்ல அந்தத் தண்ணிய எடுத்துட்டுப் போய் அதுல துவரம் பருப்பு வேக வச்சுப் பாருங்க, உப்புத் தண்ணில பருப்பு மலராது, எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசா நிக்கும். அக்கா எங்க வீட்டு அடுப்புல வரிசையா வேக வச்சாங்க. ஒரு வீடு, டைல்ஸ் போட்டு மாடுலர் கிச்சனோட பளபளன்னு இருந்துச்சு, பருப்பு வேகவே இல்ல, விட்டாச்சு. அவங்களுக்கு அமைஞ்ச வீடு பழைய வீடு, பக்கத்துலயே தூர்ந்து போகாத ஊருணி. இதுவும் கவனிக்க வேண்டிய விஷயம், ராம்நாடு டவுனுக்குள்ள நீலகண்டி ஊருணி, முகவை ஊருணி, லட்சுமிபுரம் ஊருணின்னு நெறைய இருக்கு, உயிரோட இருக்கிற ஊருணிக்குப் பக்கத்துல இருக்கிற போர்ல தண்ணி கொஞ்சம் நல்லா இருக்கும், குப்பை கொட்டி மூடுன ஊருணிக்குப் பக்கத்துல அந்த நன்மை கெடைக்காது, மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வர்ற ஆபத்துதான் கெடைக்கும்.

அந்த வீட்டுக்கார ராத்தா, இங்க முஸ்லிம் வீடுகள்ல அக்காவை அப்படித்தான் கூப்புடுவோம், அவங்க வீட்டுக்காரர் துபாய்ல இருக்காங்க, கேட்டது ஒண்ணே ஒண்ணு. "தண்ணிய மட்டும் பாத்துப் பொழங்கிக்கங்கம்மா, மத்தபடி ஒங்க வீடு மாதிரி இருங்க." இதை நான் ஏன் சொல்றேன்னா அதுக்கு முன்னாடி பாத்த வீடுகள்ல முதல் கேள்வியே "நீங்க என்ன ஆளுக"ன்னுதான் வந்துச்சு. கோயம்புத்தூர்ல அபார்ட்மெண்ட்ல இருந்தவங்களுக்கு அது சுருக்குன்னு இருந்துச்சு, அக்கா கண்ணு கலங்கிட்டாங்க. பெரிய ஊர்லயும் இந்தக் கேள்வி இருக்கு, புரோக்கர் வாயால வரும், இங்க நேராவே வரும். எனக்கு அது ரெண்டு விதத்துலயும் வருத்தம்தான். ஊரு புடிக்குமா புடிக்காதான்னு முடிவு பண்றப்ப அந்தக் கேள்விய யார் கேட்டாங்க யார் கேக்கலைங்கறதையும் எழுதி வச்சுக்கிறது நல்லது, பக்கத்து வீட்டுக்காரங்களோடதான் மூணு வருஷம் இருக்கப் போறோம்.

ராத்திரியப் பாக்கணும். வெளியூர்க்காரங்க வீடு பாக்க வந்தா காலைல பத்து மணிக்கு வந்து சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிடுறாங்க. நாங்க ராத்திரி எட்டரைக்கு மேல கிளம்பினோம். என் தங்கச்சி ஸ்கூட்டிய அக்காவே ஓட்டினாங்க, பட்டணம்காத்தான்ல இருந்து அரண்மனை வரைக்கும் போய் மாத்திரை வாங்கிட்டுத் திரும்பணும், நான் ரொம்பப் பின்னாடி வந்தேன். அரண்மனை கடைத்தெரு அந்நேரத்துக்கு இன்னும் ஜேஜேன்னு இருந்துச்சு, புரோட்டாக் கடை கல்லு சத்தம், பழக்கடை, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க. ஒம்பதரைக்கெல்லாம் அடங்க ஆரம்பிச்சிரும். திரும்பி வர்றப்ப ஒரு நீட்டுக்கு லைட்டே இல்ல, ரெண்டு பக்கமும் காலி மனை, சீமைக்கருவேல மரம். அந்தத் தெருவுல ஒரு வீடு பகல்ல பாத்து எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சு, வாடகையும் கம்மி. அக்கா வண்டிய நிறுத்திட்டு, "பகல்ல இது தெரியவே இல்லீங்க தம்பி"ன்னாங்க. அந்த வீட்டையும் விட்டாச்சு.

அன்னைக்கு ராத்திரியே அப்படியே பெரியாஸ்பத்திரிக்கும் போனோம். அரசு மெடிக்கல் காலேஜ் 2022 ஜனவரில தொறந்தது, தமிழ்நாட்ல ஒரே நாள்ல தொறந்த 11 காலேஜ்ல ஒண்ணு. மதுரை எய்ம்ஸ்ல 2022ல சேந்த பசங்க, அங்க கட்டடம் இல்லாததால, இந்தக் காலேஜ்லதான் கிளாஸ் ஆரம்பிச்சாங்க. பேரைப் பாத்து முடிவு பண்ண வேணாம், கேசுவாலிட்டி வாசல்ல பத்து நிமிஷம் நின்னு பாப்போம்னு அண்ணன்கிட்ட சொன்னேன். வீட்ல இருந்து எத்தனை நிமிஷம், ராத்திரில டூட்டி டாக்டர் இருக்காரா, ஈசிஜி எடுக்க எவ்வளவு நேரம் ஆகுது, மதுரைக்கு அனுப்பணும்னா ஆம்புலன்ஸ் எங்க நிக்குது. இது எல்லாத்தையும் அண்ணனே பாத்துக் குறிச்சுக்கிட்டார். 2023 ஜூன்ல ஆரம்பிச்ச இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே நெஞ்சு வலின்னு போனா முதல் டோஸ் மாத்திரைகளைக் குடுத்துட்டுத்தான் மேல அனுப்புறாங்க, அதையும் பக்கத்து நிலையத்துல போய் விசாரிச்சோம். அப்பாவோட ஸ்பெஷலிஸ்ட் செக்கப்புக்கு மதுரைதான், அதுல மாத்துப் பேச்சு இல்ல, ஆனா அது சில மாசத்துக்கு ஒரு தடவை.

காசு பத்தி ரெண்டு வரி. கோயம்புத்தூர் மத்திய அரசு கணக்குல ஒய் கிளாஸ் ஊர், எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப் படி, அடிப்படைச் சம்பளத்துல 20 சதவீதம், இங்க இசட் கிளாஸ், 10 சதவீதம். பாதியாக் கொறஞ்சிருச்சு. வாடகை பாதியைவிடக் கொஞ்சம் கூடத்தான் வருது. ஆனா இங்க வேற ஒரு செலவு இருக்கு, உப்புக் காத்து. ஏசி வெளி யூனிட், ஸ்கூட்டி, வாஷிங் மெஷின், கேட்டு கீலு, எல்லாத்தையும் அரிக்கும். ரெண்டும் சேத்துப் பாத்தா மிச்சம்னு பெருசா இல்ல. நெட்டுக்கு அக்கா வாய் வார்த்தைய நம்பல, மதியம் ரெண்டு மணிக்கு அந்த வீட்டு மாடில ராத்தாவோட லைன்ல லேப்டாப்பைப் போட்டு ஒரு ஆபீஸ் மீட்டிங்கை முழுசா உக்காந்து முடிச்சாங்க, தாங்குச்சு. ஸ்கூலுக்கு அலைய வேண்டி வரல, மத்திய அரசு பிள்ளைகளுக்கு முன்னுரிமை இருக்கிறதால கேந்திரிய வித்யாலயால எடம் கெடச்சிருச்சு.

ஜூன்ல குடி வந்தாங்க.

முதல்ல சரியா வராததைச் சொல்றேன். பொண்ணோட நீச்சல் நின்னு போச்சு. கடல் இவ்வளவு பக்கத்துல இருந்தும் அவளுக்கு ஏத்த கோச்சு வச்ச கிளாஸ் அமையல, அவ ரொம்ப நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே இருந்தா, அதுக்கு ஈடா நாங்க சொன்ன எதுவும் அவளுக்கு ஈடா தெரியல, பிள்ளைங்க இழக்குறது பெரியவங்க ஷீட்ல சின்ன வரியா இருக்கும், அவங்களுக்கு அது பெருசு. அக்காவுக்கு முதல் நாலஞ்சு மாசம் தனிமை. வீட்ல இருந்தே வேலைங்கறதால ஊரோட ஒட்டவே வழி இல்ல, அண்ணன் இருட்டுனப்புறம்தான் வருவார். ஒரு பொம்பளை சாயங்காலம் ஒரு மணி நேரம் காசு செலவு பண்ணாம தனியா உக்காந்துட்டு வர இந்த ஊர்ல எடம் எங்கன்னு அவங்க என்கிட்ட கேட்டப்ப சட்டுன்னு பதில் சொல்ல முடியல. டீக்கடை பெஞ்சு ஆம்பளைங்களுக்கு. கோயில் பிரகாரம், மாவட்ட மைய நூலகம், அதைத் தாண்டி யோசிக்க வேண்டியிருக்கு. நடுத்தர ஊருங்களை எடை போடுறப்ப யாரும் இதைக் கேக்குறதில்ல, எனக்கு இது மால் இல்லாததைவிடப் பெரிய குறை.

கோயம்புத்தூருக்குப் போறதும் கஷ்டம்தான். நேர் ரயில் வாரத்துக்கு ஒண்ணு, மத்தபடி மதுரை போய் மாறணும். மதுரை ரோடு பரமக்குடி வரைக்கும் நாலு வழி, அங்கிருந்து ராம்நாடு வரைக்கும் 46.7 கிலோமீட்டரை நாலு வழியாக்க 2025 ஜூலைலதான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்திருக்கு. இன்னொண்ணு காலண்டர். செப்டம்பர் 11 பரமக்குடில இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்ல தேவர் ஜெயந்தி. அந்த நாள்கள்ல தடை உத்தரவு, போலீஸ், ரோடு மாத்தி விடுறது எல்லாம் இருக்கும், உள்ளூர்க்காரங்க பயணத்தையே வச்சுக்க மாட்டோம். இவங்க முதல் வருஷம் அப்பாவோட மதுரை செக்கப்பை அக்டோபர் 30க்கு வாங்கி வச்சிருந்தாங்க, நல்லவேளை ராத்தா காலண்டரைப் பாத்துட்டு, "அன்னைக்கு எங்கயும் போகாதீகம்மா, தேதிய மாத்துங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதே மாதிரி ஏர்வாடி சந்தனக்கூடு, உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனம், ரெண்டுக்கும் ஜில்லாவுக்கு உள்ளூர் லீவு விடுவாங்க, அது சந்தோஷமான பக்கம். வருஷம் பூரா சந்தனம் பூசியிருக்கிற உத்தரகோசமங்கை மரகத நடராஜரை ஆருத்ராவுக்குத்தான் சந்தனம் இல்லாம பாக்க முடியும், குடும்பமே போய்ட்டு வந்தாங்க.

மழை சோதனை சீக்கிரமே வந்துச்சு. 2024 நவம்பர் 20, ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 41 சென்டிமீட்டர் கொட்டுச்சு, பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம் வெள்ளக்காடு. அண்ணன் அன்னைக்கு மண்டபத்துல இருந்து வீடு வந்து சேர ரொம்ப நேரமாச்சு. தீவுல வீடு எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அன்னைக்கு ராத்திரி அவர் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தார். ராம்நாட்ல அவங்க தெரு முனைல தண்ணி நின்னுச்சு, வீடு தரை மட்டம் ஒசத்திக் கட்டுனதுங்கறதால உள்ள வரல. வீடு பாக்குறப்ப காம்பவுண்டு சுவத்துல பழைய தண்ணிக் கோடு இருக்கான்னு பாத்ததுக்கு அன்னைக்குப் பலன் தெரிஞ்சுச்சு.

நல்லா அமைஞ்சதுல முதல் ஆளு அப்பா. தண்ணி கெடைக்குமான்னு கேட்டவர், இப்ப ஊரை விட்டுக் கிளம்ப மனசில்லாம இருக்கார். காலைல சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துல நடக்குறார். வள்ளல் சீதக்காதி பேரும் சேதுபதி ராஜா பேரும் ஒண்ணா இருக்கிற அந்த மைதானத்துல ரிடயர்ட் வாத்தியார்கள், ஓய்வு பெத்த தாசில்தார், கடை பாய், எல்லாரும் ஒரு செட்டு, மூணே வாரத்துல இவரை "கோயம்புத்தூர் அய்யா"ன்னு சேத்துக்கிட்டாங்க. பெரிய ஊர்ல ஒரு செட்டுல சேர வருஷம் ஆகும்னு அவரே சொல்றார். கார்த்திகை மார்கழில சக்கரக்கோட்டை கண்மாய்க்குப் பறவை பாக்கப் போறாங்க, டவுனை ஒட்டியே இருக்கு, 2025ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேத்துட்டாங்க. பொண்ணு நீச்சலை மறக்கல, ஆனா பறவைப் பேரெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கா. பிப்ரவரி மார்ச் வாக்குல ராஜா ஸ்கூல் மைதானத்துல நடக்குற புத்தகத் திருவிழாவுல அக்கா ராத்தா மகளோட சுத்தினாங்க, அங்க பழக்கமான ஒரு டீச்சரம்மாவோட இப்ப வாராவாரம் அரியமான் பீச்சுக்குப் போறாங்க, பொம்பளைங்களா சேந்து ஒரு ஷேர் ஆட்டோ பேசிக்கிட்டு.

சாப்பாட்டுல இந்தக் குடும்பம் மாறிப் போச்சு. கோயம்புத்தூர்ல ஞாயித்துக்கிழமை ஐஸ் மீன் வாங்குனவங்க, இப்ப எந்தக் கிழமைல எந்தப் படகு வரும்னு பேசுறாங்க. பாக் ஜலசந்திப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள்னு பிரிச்சு வச்சிருக்கிற முறை இருக்கு, அதுக்கேத்த மாதிரி மார்க்கெட்ல மீன் மாறும், விலையும் மாறும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறும். முண்டு மிளகாய் அரைச்சு வச்ச மீன் குழம்பு, அந்த மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சது எங்க எல்லாருக்குமே பெருமை. பெருநாளைக்கு ராத்தா வீட்ல இருந்து கீழக்கரை இனிப்பு தொதல் வரும், தீபாவளிக்கு இங்கிருந்து போகும்.

இப்ப மாசத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போறாங்க, காலைல ரயில்ல போய் டாக்டர், துணிக்கடை, பொண்ணுக்கு ஒரு சினிமா, எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சுட்டு ராத்திரி வந்துருவாங்க. அக்கா அந்த ஷீட்டை இன்னும் வச்சிருக்காங்க, இப்ப மாத்தலாகி வர்ற இன்னொரு குடும்பத்துக்கு அனுப்பியிருக்காங்க, சம்பு, பருப்பு, எட்டரை மணி ஸ்கூட்டி, தண்ணிக் கோடு, இதெல்லாம் வரிசைல மேல ஏறி நிக்குது. அண்ணனோட மூணு வருஷம் 2027ல முடியுது, பொண்ணு அப்ப எட்டாவதுக்குப் போவா, அதுக்கு மேல இங்கேயே கேட்டு இருக்கிறதா மதுரைக்குக் கேக்குறதான்னு பேச்சு ஆரம்பிச்சிருக்கு, முடிவு ஆகல, அப்பா மட்டும் இங்கதான்னு உறுதியா இருக்கார். போன கோடைல முறைத் தண்ணி தள்ளிப் போனதைப் பாத்துட்டு, மொட்டை மாடி மழைத் தண்ணிக் குழாயை வடிகட்டி வச்சு சம்புக்கே திருப்பி விடலாம்னு அக்கா ராத்தாகிட்ட பேசினாங்க, பாதிக் காசு நான் போடுறேன்னு ராத்தா சொல்லிட்டாங்க, ஐப்பசி பொறக்குறதுக்குள்ள முடிக்கணும்னு பிளம்பருக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கு.